எட்டு மொழியில் வலி

வளைகுடாவில், முவைலாவில் நான் வேலை பார்த்த கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இப்போது மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மூவரும் நல்ல பிள்ளைகள், மூவரும் அவசரக்காரர்கள். போன மாதம் முழங்கால் மாத்திரைக்காகப் போனபோது அவர்களில் மதுரைப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க தினமும் மூணு புது வார்த்தை கத்துக்குவீங்களாமே. எட்டு பாஷை பேசுவீங்களாம். எப்படின்னு எழுதிக் குடுங்க, ஸ்டாஃப் குரூப்புல போடுறோம்."

"உன் போன்லயே தினம் ஒரு வார்த்தை வருதே. நேத்து என்ன வந்துச்சு?"

அவள் போனைத் தடவினாள். "பார்த்தேன் அங்கிள். மறந்துட்டேன்."

இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் வருகிறது, ஒன்றும் தங்குவதில்லை. அஜ்மானில் மகன் வீட்டில், ஏசிச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். குரூப்பில் போட நீளம் அதிகம் என்பார்கள். சொல்லட்டும்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு எட்டு மொழி தெரியாது. எட்டு மொழியில் வலி தெரியும், அவ்வளவுதான். பெங்காலியில் தக்காளி கிலோ என்ன விலை என்று எனக்குக் கேட்கத் தெரியாது. வலி ஒரே இடத்தில் நிற்கிறதா, ஓடுகிறதா என்று கேட்கத் தெரியும். நேபாளியில் வணக்கத்துக்கு அடுத்து நான் கற்ற சொல் எரிச்சல்.

திருச்சியில் விலங்கியல் பட்டமும் ஆங்கிலத் தட்டச்சில் ஹையரும் முடித்துவிட்டு வந்தவன் நான். தேராவில் ஒரு மசாலா வியாபாரியின் அலுவலகத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். அது மூடப்பட்டதும் கிளினிக்கில் சேர்ந்தேன். பயிற்சி என்று ஒன்றும் இல்லை. எமிரேட்ஸ் ஐடியை வாங்கு, இன்சூரன்ஸ் அட்டையைப் பார், என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டை நிரப்பு, உள்ளே அனுப்பு. இரண்டு நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் டாக்டர் இத்ரீஸ் என் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார்.

அவர் சூடான் நாட்டுக்காரர். நெடிய ஆள். கையில் எப்போதும் பாலில்லாத சுலைமானி டீ இருக்கும். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். காதைக் கிட்டே கொண்டுபோய்த் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.

"யா உஸ்தாத்," என்றார். உஸ்தாத் என்றால் ஆசிரியர், மரியாதைச் சொல். அவர் வாயில் அது ஊசி. "முப்பத்தோரு சீட்டு. முப்பத்தொன்றிலும் 'வலி' என்றே எழுதியிருக்கிறீர். வலி என்பது இந்தக் கட்டடத்தின் பெயர். உள்ளே குடியிருப்பது யார் என்று எனக்கு எழுதித் தாரும்."

மறுநாளிலிருந்து காலைப் பரீட்சை ஆரம்பமானது. ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் நானும் நர்ஸ் லிஸியும் அவர் முன் நிற்க வேண்டும். ஆளுக்கு மூன்று புதுச் சொல். எந்த மொழியாகவும் இருக்கலாம், உடம்பு படுகிற பாட்டைச் சொல்ல வேண்டும். அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது, நோயாளி வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை வேறு மூன்று நோயாளிகளிடம் திருப்பிக் கேட்டு, மூவரும் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், "கலாஸ், போதும், இது தபால்தலை சேர்க்கிற வேலை," என்று தள்ளிவிடுவார். லிஸி கோட்டயத்துக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். "டாக்டரே, சம்பளம் ஒரு பாஷையில்தானே தருது?" என்று கேட்டுவிட்டாள். அன்று அவளுக்கு ஐந்து சொல்.

காத்திருக்கும் இடத்தில் பதினாறு நாற்காலிகள் இருந்தன. அவைதான் என் பள்ளிக்கூடம். "உனக்கு என்ன செய்கிறது" என்று நேராகக் கேட்டால் ஆள் சுருங்கிவிடுவான். "உன் அம்மாவுக்கு முட்டி வலித்தால் என்ன சொல்லிப் புலம்புவாள்?" என்று கேட்பேன். அம்மாவின் முட்டி என்றால் எந்த நாட்டுக்காரனும் எழுந்து நின்று நடித்தே காட்டுவான். பெங்காலி பெயின்டர்கள் நான்கைந்து பேர் என்னைக் கண்டாலே சிரிப்பார்கள். "சாச்சாவுக்கு எங்க பாஷையில சீக்கு வரணுமாம்," என்று எனக்குப் புரியட்டும் என்றே இந்தியில் சொல்லிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்லும் தருவார்கள்.

அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். மரத்த காலில் ஊசி ஊசியாய்க் குத்துவது பெங்காலியில் ஜின்ஜின். இந்திக்காரர்களுக்கு மரோட் என்றால் வயிற்றை முறுக்கிப் பிழிவது, கப்ராஹட் என்றால் நெஞ்சுக்குள் காரணம் தெரியாமல் பதறுவது. பிலிப்பைன்ஸ்காரர்களின் கிரோட், பல்வலிபோல் தெறிப்பது. மலையாளத்துக் கடச்சில் நம் குடைச்சலுக்குத் தங்கை. நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் உட்கார்ந்து எண்ணினேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிசைதல், அடைப்பு, பாரம், மதமதப்பு, சுருக், விண், திகுதிகு. பதிமூன்று. டாக்டர் ஒவ்வொன்றையும் என் உடம்பிலேயே இடம் காட்டி விளக்கச் சொன்னார். நான் குனிந்து நிமிர்ந்து காட்டி முடித்ததும், "பணக்கார மொழி," என்றார். அன்று வீடு போகும் வரை எனக்கு நடை தரையில் இல்லை.

பலனும் இருந்தது. நேபாளக் காவலாளி ஒருவர் காலுறைக்குள் ஜம்ஜம் என்கிறது என்று சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எறும்பு ஊர்வதுபோல் என்று விளக்கம் போட்டு அனுப்பினேன். டாக்டர் காலைப் பார்க்குமுன் சர்க்கரையைப் பார்த்தார். எக்கச்சக்கம். அடிபாதத்தில் அவருக்கே தெரியாமல் ஒரு புண். "நாளைக்கு உமக்கு விடுமுறை, மூன்று வேண்டாம்," என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து அதுதான் பாராட்டு.

இவ்வளவும் பெருமையாக எழுதிவிட்டேன். என்னை எட்டு பாஷைக்காரன் என்கிறவர்களுக்கு இதுவரைதான் தெரியும்.

எங்கள் கிளினிக்குக்குத் தனியாக வருகிறவர்கள் பாதி, கம்பெனி வேனில் வருகிறவர்கள் பாதி. வேனில் ஐந்தாறு தொழிலாளிகள் இருப்பார்கள். கூடவே கேம்ப் பாஸ் வருவார். தொழிலாளர் விடுதியில் கட்டில் ஒதுக்குவதிலிருந்து சிக் லீவு எழுதுவது வரை அவர்தான் எல்லாம். ஆறு பேரின் அட்டைகளையும் ரப்பர் பேண்ட் போட்டு அவரே வைத்திருப்பார். ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் பின்னால் நிற்பார். நான் கேட்பேன், அவர் பதில் சொல்வார். சட்டத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் எல்லாக் கிளினிக்கிலும் அதுதான் வழக்கம். வேலை சீக்கிரம் முடிந்தது, எவரும் குறை சொல்லவில்லை.

அப்படி வருகிறவர்களில் செல்வராஜ் என்று ஒருவர். நாசரேத் பக்கம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆட்களுக்குக் கூடுதல் சிக் லீவு விழுந்தால் இன்ஜினீயர் அவரைத்தான் ஏசுவார். அவரும் விசாவில் இருப்பவர்தான்.

ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அவர் காளிமுத்துவைக் கூட்டி வந்தார். அரியலூர்ப் பக்கத்து ஆள், பைப் ஃபிட்டர், நாற்பதைத் தாண்டியவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மேல்வயிற்றில் கையை வைத்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. ஆகஸ்டில் யார் சட்டைதான் நனையாது?

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"கேஸ்தான் சார்," என்றார் பின்னாலிருந்து செல்வராஜ். "ரூம்ல ஒருத்தனுக்குப் பொறந்தநாளாம். பானை நெறய பிரியாணி ஆக்கித் தின்னுருக்கானுவ. சொன்னா கேக்கானுவளா?"

"அவரு சொல்லட்டுமே."

"சொல்லும்வே, சார் கேக்காருல்லா."

"கேஸ்தாங்க," என்றார் காளிமுத்து.

நான் விடவில்லை. தமிழன் தமிழனிடம் கேட்கிறேன், எனக்கென்ன தடை? "எப்படி இருக்கு, குத்துதா? எரியுதா? பிசையுதா? அடைக்கிற மாதிரி இருக்கா, பாரமா இருக்கா?"

ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கண் பின்னால் மேலே போய் வந்தது. "எரியுதுங்க."

"தோள்பட்டை, தாடை, கை, எங்கயாச்சும் இழுக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பத்துக்கு எத்தனை போடலாம் வலிக்கு?"

"மூணு போடுங்க சார்."

"மாஃபி முஷ்கில்," என்றார் செல்வராஜ். ஒரு பிரச்சினையும் இல்லை என்று பொருள். "ஒரு ஊசி போட்டு விடுங்க. நாளைக்கு டூட்டி."

எரிச்சல், மேல்வயிறு, மூன்று என்று எழுதினேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, என் வழியாக அதே கேள்விகளை மறுபடி கேட்டார். அதே பதில்கள் வந்தன. செல்வராஜ் அங்கேயும் கட்டில் தலைமாட்டில் நின்றார். டாக்டருக்குத் திருப்தி இல்லை. இசிஜி எடுக்கலாம் என்றார். இன்சூரன்ஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.

"சார், வண்டில இன்னும் நாலு பேரு இருக்கான்," என்றார் செல்வராஜ். "நாளைக்கும் கொறயலன்னா கூட்டிட்டு வாரேன், அப்பப் பாருங்க."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "நோயாளி சொல்லட்டும்," என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

காளிமுத்து எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "வேணாங்க. இப்ப தேவலை."

இசிஜி அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்தார் என்று டாக்டர் எழுதினார். காளிமுத்து கையெழுத்துப் போட்டார். அமிலத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கேம்ப்பில் பல் விளக்குகிற இடத்தில் விழுந்துவிட்டார். அறையில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு. ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்து உயிர் பிழைக்க வைத்தார்கள். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனிப் பாரம் தூக்கக் கூடாது. பாரம் தூக்காத பைப் ஃபிட்டரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. விசாவை ரத்து செய்தார்கள்.

ஊருக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர் கிளினிக்குக்கு வந்தார். மதியம், ஆள் இல்லாத நேரம். விழுந்ததற்கு முதல் நாள் இங்கே பார்த்ததற்கு ஒரு காகிதம் வேண்டுமாம், ஊர் டாக்டரிடம் காட்ட. அன்றுதான் அவரைத் தனியாகப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே பேசினார்.

"அன்னிக்கு நெஞ்சு மேல யாரோ ஏறிக் குந்திக்கிட்ட மாதிரி இருந்துச்சு சார். ஈரச் சாக்கை மேல போட்ட மாதிரி. மூச்ச இழுத்தா பாதியில நின்னுபோவும். இந்தக் கை இருக்கு பாருங்க, இடது கை, சுண்டுவெரல் வரைக்கும் மதமதன்னு, என் கையே இல்ல போல. தாடையில யாரோ கெளவிக்கிட்ட மாதிரி. நாலு நாளா."

என் பதிமூன்றில் இல்லாத சொற்களும் அதில் இருந்தன. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது, கேட்காதவற்றுக்கும் இருந்தது.

"ஏன்யா," என்றேன், "இத்தனையையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா எரியுதுன்னு சொன்னீரு? நான்தான் ஒண்ணொண்ணா கேட்டேனே."

"கேட்டீங்க சார். நல்லாத்தான் கேட்டீங்க." அவர் குவளையைக் கவிழ்த்து வைத்தார். "அவரு நின்னாரே."

"அவரு என்ன செய்வாரு?"

"போன வருசம் நெஞ்சுன்னு சொன்ன ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. எனக்கு மூத்த பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருசம். இன்னும் ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சிக்கிட்டா முடிச்சிப்புடும்." கொஞ்சம் சிரித்தார். "சொன்னா அனுப்பிருவாங்கன்னு சொல்லாம இருந்தேன். சொல்லாம இருந்ததுக்கும் அனுப்புறாங்க. என்னத்தச் சொல்ல."

காகிதத்தை அடித்து, முத்திரை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நான் ஏதோ பெரிய உதவி செய்ததுபோல் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பெங்காலியில் கேட்டேன், நேபாளியில் கேட்டேன், கேட்டவர்கள் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் தனியாக வந்தவர்கள். அது அதுவரை என் கணக்கில் ஏறவில்லை. சொல் கிடைத்தால் வலி கிடைத்துவிடும் என்று அத்தனை வருடம் நாற்காலி நாற்காலியாய் அலைந்தோம். அந்த மனிதரிடம் சொல்லுக்கு என்ன பஞ்சம்? எனக்குப் பாடம் நடத்துகிற அளவுக்கு வைத்திருந்தார். வாயைத் திறக்க இரண்டு நிமிடத் தனிமை அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் பரீட்சையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்றைக்கு என்ன கொண்டுவந்தீர்?" என்றார்.

"ஒன்றுதான். 'நீங்கள் வெளியே உட்காருங்கள்.' கூட வந்தவரிடம் சொல்ல."

"எத்தனை மொழியில்?"

"இப்போதைக்கு மூன்று."

"எட்டும் வேண்டும். மரியாதையாக இருக்க வேண்டும், கெஞ்சுவதுபோல் இருக்கக் கூடாது."

அந்த வாரம் நாற்காலிகளில் வேறு எதையும் நான் கேட்கவில்லை. இந்தியில் பாஹர் பைட்டியே. பெங்காலியில் பாயிரே போஷுன். நேபாளியில் பாஹிர பஸ்னுஸ். லிஸி மலையாளத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு, "அப்பூப்பா, இது கொண்டு ஜோலி போகும் கேட்டோ," என்றாள். வேலை போய்விடும், தாத்தா. அவள் சொன்னது பாதி பலித்தது.

முதன்முதலில் ஒரு பெங்காலி பெயின்டரோடு வந்த பஞ்சாபி ஃபோர்மேனிடம் சொன்னேன். "நான் இவனுக்குப் பொறுப்பு, பாய்," என்றார் அவர் இந்தியில். வெளியே பொறுப்பாக இருங்கள் என்றேன். முறைத்துக்கொண்டே போனார். கதவு சாத்தியதைப் பெயின்டர் திரும்பிப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. பாதியே ஒரு சீட்டு நிறைய வந்தது.

இரண்டு மாதம் நடந்தது. ஒரு நாள் செல்வராஜ் மேசையில் அட்டைக் கட்டைப் போட்டார்.

"என்ன சார், எங்கள வெளிய தள்ளுதிய. நாங்க என்ன களவாணிப் பயலுவளா?"

"உங்க ஆளுக்கு உடம்பு சரியில்ல. உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?"

"காளிமுத்துக்காக என்னைத் தூக்குல போடுதியளோ? அவன் வாயத் தொறக்கலன்னா நான் என்ன செய்ய? எனக்கு மேல ஒருத்தன் நிக்கான் சார், அது உமக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். வெளியே உட்காருங்கள் என்றேன். அன்று அவர் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவருடைய வேன் வேறு கிளினிக்குக்குப் போனது. மூன்றாவது கம்பெனியும் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சென்னைப் பையன், பேச்சில் குறையே இருக்காது.

"சார், உங்க மேல ரொம்ப ரெஸ்பெக்ட் இருக்கு. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். பேஷன்ட் நம்ம கஸ்டமர் இல்ல. கம்பெனிதான் கஸ்டமர்."

"அப்ப வலி யாருக்கு?"

"அதைத்தான் சார் டாக்டர் பார்க்குறாரே."

டாக்டரின் ஒப்பந்தம் அந்த வருடம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. மஸ்கட்டுக்குப் போனார். போகிற அன்றும் காலையில் எங்களை நிற்க வைத்து மூன்று சொல் கேட்டார். லிஸி அழுதுகொண்டே மூன்றையும் சொன்னாள். "இரண்டாவது பழசு," என்றார் அவர்.

என்னை இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவுக்கு மாற்றினார்கள். வரவேற்பின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, நடுவில் கண்ணாடி. என் பழைய மேசைக்கு வேறு ஆள் வந்தான். வேன்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓய்வு பெறும் வரை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் நிரப்பிய சீட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். கேஸ், காய்ச்சல், கேஸ், முதுகு, கேஸ். எந்தச் சீட்டு வேனில் வந்தது, எது தனியாக வந்தது என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தனியாக வந்தவர்களின் சீட்டில் எறும்பு ஊரும், கயிறு இழுக்கும், நெருப்பு எரியும். வேனில் வந்தவர்கள் எல்லாருக்கும் வாயு.

கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பின்னால் ஒருவர் நிற்பார். நிற்பவரின் வாய் அசையும். உட்கார்ந்தவரின் கண் ஒரு முறை மேலே போய் வரும். என்ன மொழி என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சில நாள் நான் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது சங்கடமாக இருக்கிறது என்று புது ஆள் மேனேஜரிடம் சொன்னானாம்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் ஏணியோடு வந்து அந்தக் கண்ணாடி முழுவதும் விளம்பரம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார். கீழே கம்பெனிகளுக்குச் சலுகை விலையில் உடல் பரிசோதனை என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் நாற்காலிகள் தெரியாது, எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரியும். ஓய்வு பெறும் வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.